சத்தமில்லாமல் சொன்ன ஒரு வசனம்

எங்கள் விசைத்தறி செட்டில் சினிமா எடுக்கப் போகிறார்கள் என்று உறுதியான மறுநாளே, முதலாளி செட்டைக் கூட்டிப் பெருக்கச் சொல்லிவிட்டார். கூரைச் சட்டத்தில் பல வருஷமாகத் தொங்கிக் கிடந்த பஞ்சு ஒட்டடையை நீளக் கம்பால் தட்டி இறக்கினோம். ஜன்னல் கம்பிகளைத் துடைத்தோம். சுவருக்கு வெள்ளை அடித்தாயிற்று. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நாங்கள் பதினாலு பேரும் ஒரு முழு நாள் அந்த வேலையைத்தான் பார்த்தோம். சாயங்காலம் பார்த்தபோது அது எங்கள் செட்டு மாதிரியே இல்லை. யாரோ கல்யாணத்துக்கு வாடகைக்கு எடுத்த மண்டபம் மாதிரி இருந்தது.

அடுத்த நாள் காலையில் கேமராக்காரர் வந்தார். முன்னாலேயே ஒரு தடவை வந்து செட்டைப் பார்த்துவிட்டுப் போனவர். ஐம்பது வயது இருக்கும், ஒல்லியான ஆள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவர் கூரையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இங்க ஒரு தூசி இருந்துச்சே, அது எங்க?" என்றார்.

"எல்லாம் சுத்தம் பண்ணியாச்சு சார். ஒரு பொட்டு இருக்காது" என்று முதலாளி பெருமையாகச் சொன்னார்.

"அந்தத் தூசிக்காகத்தான் சார் நான் உங்க செட்டைத் தேர்ந்தெடுத்தேன்."

எங்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பிறகு தூசியைத் திரும்ப உண்டாக்குவதற்காகவே நாலு நாள் எல்லாத் தறியையும் ஓட்டினோம். வெள்ளை அடித்த சுவரில் டீத்தண்ணீரையும் கரித்தண்ணீரையும் கலந்து அவருடைய ஆட்களே பூசினார்கள். அந்த நாலு நாளும் அவர் கேமராவை வெளியில் எடுக்கவே இல்லை. நூல் சுற்றிய பாவு உருளைகளுக்கு நடுவே பாயை விரித்து, மல்லாந்து படுத்துக்கொண்டு கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கூரையில் ஒரே ஒரு கண்ணாடி ஓடு உண்டு. எப்போதோ உடைந்த ஓட்டுக்குப் பதிலாக வைத்தது. பகல் முழுக்க அதில் மங்கலான ஒரு வெளுப்புதான் தெரியும். மூன்றரை மணி வாக்கில் வெயில் சாயும்போது மட்டும் அதன் வழியாக ஒரு கற்றை இறங்கும். பஞ்சுத் தூசி அந்தக் கற்றைக்குள் நுழைந்தால் தங்கப்பொடி, வெளியே வந்தால் ஒன்றுமில்லை. இருபது நிமிஷத்தில் அது நகர்ந்து சுவரேறிப் போய்விடும். அது இறங்கும் இடத்தில்தான் என் தறி நின்றது. இருபத்திரண்டு வருஷமாக அந்த வெயில் என் கைமேல் விழுந்திருக்கிறது. புழுக்கமாக இருக்கிறதே என்று நினைத்ததைத் தவிர அதைப்பற்றி நான் வேறெதுவும் நினைத்ததில்லை.

நாலாம் நாள் அவர் எழுந்து வந்து, "இந்தத் தறி யாரோடது?" என்று கேட்டார்.

"என்னோடதுதான் சார்."

"இதுலதான் கதாநாயகி நெய்யணும். நீங்கதான் அவங்களுக்குச் சொல்லிக் கொடுக்கணும்" என்றார்.

நடிகை அன்று மத்தியானமே வந்தார். திரையில் அவரைப் பல தடவை பார்த்திருக்கிறேன். நேரில் உயரம் குறைவாக, கண்ணுக்குக் கீழே கருவளையத்தோடு, எங்கள் தெருவில் யார் வீட்டுக்கோ விருந்துக்கு வந்தவர் மாதிரி இருந்தார். முதல் நாள் முழுக்க என்னை "அக்கா, அக்கா" என்றுதான் கூப்பிட்டார். பேச்சு வாக்கில் வயதைக் கேட்டால், அவர் என்னைவிட மூன்று மாசம் மூத்தவர். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அப்புறம் சிரிப்பு நிற்க வெகுநேரம் ஆயிற்று. அதற்குப் பிறகு நான்தான் அவரை அக்கா என்று கூப்பிட்டேன்.

தறியை ஓட்ட அவர் இரண்டே நாளில் கற்றுக்கொண்டார். கற்றுக்கொள்ள முடியாமல் திணறியது பேச்சைத்தான். தறி ஓடும்போது செட்டுக்குள் யார் குரலும் கேட்காது. இருபத்தைந்து தறிகள் ஒன்றாக அடிக்கும் சத்தத்தில் பக்கத்தில் நின்று கத்தினாலும் வீண். அதனால் நாங்கள் குரலே இல்லாமல் பேசுவோம். உதடு மட்டும் அசையும். புருவம் கொஞ்சம், கை கொஞ்சம். செட்டின் இந்தக் கோடியில் நின்று அந்தக் கோடிக்கு, "நேத்து வச்ச புளிக்குழம்பு மிச்சம் இருக்கா?" என்று கேட்டுவிடலாம். கோபத்தைக்கூட அப்படித்தான் சொல்லுவோம். என் வீட்டுக்காரர் அடுத்த வரிசையில் நெய்கிறார். எங்கள் சண்டைகளில் பாதி சத்தமே இல்லாமல்தான் நடந்திருக்கின்றன.

நடிகை உதட்டை அசைத்தபோது எல்லாமே பெரிதாகத் தெரிந்தது. வாயை அகலத் திறந்து, கண்ணை உருட்டி, காது கேளாதவருக்குச் சொல்வது போலச் சொன்னார்.

"அக்கா, நீங்க எங்களுக்குத் தெரியணும்னு பேசுதீங்க. அது வேண்டாம். சத்தம் போட்டுப் பேசுத மாதிரியே பேசுங்க, சத்தத்த மட்டும் விட்ருங்க. நாங்க பாத்துக்கிடுவோம்" என்றேன்.

அவர் அதை வாய்க்குள்ளேயே ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். மத்தியானச் சாப்பாட்டுக்குத் தறிகளை நிறுத்தும்போது சத்தம் ஒவ்வொன்றாக விழும். கடைசித் தறியும் நின்றதும், காதுக்குள் தண்ணீர் புகுந்தது மாதிரி ஓர் அமைதி வரும். அந்த நேரத்தில் அவர் என் எதிரே உட்கார்ந்து குரலில்லாமல் பேசிப் பழகுவார். நானும் குரலில்லாமல் பதில் சொல்லுவேன். வெளியே சாலையில் புளியங்குடி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போகும். உள்ளே நாங்கள் இரண்டு பேரும் தண்ணீருக்கு அடியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பது போல இருக்கும். அவருடைய மகன் ஹாஸ்டலில் சரியாகச் சாப்பிடுவதில்லை என்பதையும், எனக்கு மூட்டு வலி என்பதையும் அப்படித்தான் பரிமாறிக்கொண்டோம்.

ஒரு நாள் அவர் கேட்டார், இந்த முறை குரலோடு: "படத்துல எனக்கு ஒரு காட்சி இருக்கு. நெய்துக்கிட்டு இருக்கும்போது ஊருல அம்மா இறந்துட்டாங்கன்னு ஒருத்தர் வந்து சொல்றாங்க. நான் கத்தி அழுது கீழ விழணும்னு எழுதியிருக்கு. உங்களுக்கு அப்படி ஏதாவது நடந்திருக்கா?"

நான் அதை யாரிடமும் சொன்னதில்லை. ஏன் அவரிடம் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அந்த அமைதியில் சொல்ல முடிந்தது, அவ்வளவுதான்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், என் அம்மா ராயகிரியில் தம்பி வீட்டில் இருந்தாள். காய்ச்சல் என்று சொல்லியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்ப்பதாக இருந்தேன். புதன்கிழமை என் தறியில் ஓர் இழை அறுந்தது. தறியை நிறுத்திவிட்டு, அறுந்த இரண்டு முனைகளையும் கையில் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தபோது வாசலில் மேஸ்திரி நின்றார். செட்டு போனுக்குச் செய்தி வந்திருக்கிறது. மற்றத் தறிகளெல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. அவர் அங்கிருந்தே என்னைப் பார்த்து, உதட்டால், "அம்மா போயிட்டா" என்றார்.

தறிக்காரர்களுக்கு 'அம்மா' என்ற சொல்லைப் படிப்பது ரொம்பச் சுலபம். உதடு மூடித் திறக்கும், அவ்வளவுதான். நான் சரியாகத்தான் படித்தேன். படித்துவிட்டுக் குனிந்து முடிச்சைப் போட்டேன். இழையை விழுதுக் கம்பியின் கண்ணில் கோத்தேன். தறியை ஓட்டியும் விட்டேன். ஊடு நூலைச் சுமந்து நாடா போய்ப் போய் வருவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரு சாண் துணி விழுந்திருக்கும். அதற்குப் பிறகுதான் தறியை நிறுத்திவிட்டு வெளியே வந்தேன். பெற்ற தாய் செத்தாள் என்று கேட்டுவிட்டுத் தறியை ஓட்டியவள் நான். என் நெஞ்சு கல் என்று எனக்கு நானே முடிவு செய்துகொண்டு பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது.

நடிகை என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

அந்தக் காட்சியை எடுக்க ஆரம்பித்த நாள், தறிகள் எல்லாம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்று கேமராக்காரர் பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். ஓடுகிற தறியில்தான் தூசி எழும்பும். நெய்கிறவர்கள் முகமும் அப்போதுதான் சரியாக இருக்கும் என்றார். டைரக்டர் 'கட்' சொன்னால் யாருக்கும் கேட்காது என்பதால் ஒரு சிவப்புத் துண்டை வீசிக் காட்டினார். நடிகை கத்தி அழுதார், கீழே விழுந்தார். அப்படி அழ என்னால் முடியாது, அவ்வளவு நன்றாக அழுதார். நாலு தடவை எடுத்தார்கள். வெயில் சுவரேறிப் போனது. கேமராக்காரர் கண்ணைக் கேமராவிலிருந்து எடுத்துவிட்டு டைரக்டரைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். நாளைக்கும் எடுக்க வேண்டும் என்று அதற்கு அர்த்தம்.

அன்று கிளம்பும்போது நடிகை என்னிடம் வந்தார்.

"நீங்க அன்னிக்குச் செஞ்சதை நான் செய்யட்டுமா?"

"வேண்டாம் அக்கா" என்றேன். யோசிக்கவே இல்லை. "அது எங்க அம்மா சாவு. அதப் போயி சினிமாவுல காட்டுவாங்களா? ஊரு என்ன சொல்லும்?"

"சரி. கேட்டது தப்புன்னா மன்னிச்சிருங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் மறுபடி ஒரு வார்த்தை வற்புறுத்தியிருந்தால் நான் அசைந்திருக்க மாட்டேன்.

வீட்டுக்கு வந்து இட்லி ஊற்றிக்கொண்டே வீட்டுக்காரரிடம் சொன்னேன். அந்த நடிகை அம்மா இப்படிக் கேட்டது, நான் முடியாது என்றுவிட்டேன் என்று. தறியை ஓட்டியதை அவரிடமும் சொன்னதில்லை என்பது சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் தட்டைக் கீழே வைத்தார்.

"எனக்குத் தெரியும்ட்டி. நான் பாத்துக்கிட்டுதானே நின்னேன்" என்றார்.

"பாத்தீங்களா? அப்ப ஏன் எங்கிட்ட ஒண்ணும் கேக்கல?"

"என்னத்தக் கேக்க? ஒங் கை நடுங்கவே இல்ல. எனக்கு அதான் பயமா இருந்துச்சு. ஓடி வந்து ஒன்னயத் தொட்டா நீ ஒடஞ்சிருவியோன்னு அங்கனயே நின்னுட்டேன்."

பிறகு அவர் இட்லியைச் சாப்பிட்டு முடித்தார். நானும் அடுப்பைப் பார்த்தேன். பன்னிரண்டு வருஷமாக நான் தனியாக வைத்திருந்த ஒன்றை அவரும் தனியாக வைத்திருந்திருக்கிறார்.

காலையில் செட்டுக்குப் போனதும் நடிகையிடம், "செய்யுங்க அக்கா. ஆனா முடிச்ச நீங்கதான் போடணும். எங் கையப் படம் பிடிச்சு ஒட்டக்கூடாது" என்றேன்.

எங்கள் முடிச்சு சின்னது. இரண்டு முனைகளையும் பெருவிரலில் வைத்து ஒரு சுற்று, ஓர் இழுப்பு. துணியில் தடவினால்கூடத் தெரியக்கூடாது. அதற்கே அவருக்கு மூன்று நாள் ஆயிற்று. சாப்பிடும்போதும், காரில் போகும்போதும், எங்கள் ஊர்ச் சங்கரநாராயணர் சன்னிதியில் வரிசையில் நிற்கும்போதும் நூலைக் கையில் வைத்து முடிந்துகொண்டே இருந்தாராம். விரல் நுனி சிவந்து கன்றிப் போயிருந்தது. காட்சியை இப்படி மாற்ற டைரக்டர் ஒத்துக்கொண்டு, அதுவரை அதைத் தள்ளிவைத்திருந்தார்.

நான் எதிர்பாராதது மூன்றாவது நாள் வந்தது. முதல் நாள் அழுகையை மட்டும்தான் எடுத்திருந்தார்கள்; செய்தி சொல்லும் பக்கத்து வீட்டுக்காரியாக நடிக்க இப்போதுதான் சென்னையிலிருந்து ஓர் அம்மாவைக் கூட்டி வந்திருந்தார்கள். அவருக்குக் குரலில்லாமல் பேச வரவில்லை. தறிச் சத்தத்தில் நடுங்கிப் போய்க் காதைப் பொத்திக்கொண்டார். மணி மூன்றாகிவிட்டது. டைரக்டர் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"நீங்க நின்னு சொல்லிருவீங்களா? ரெண்டே வார்த்தைதான்."

அவருக்கு என் கதை தெரியாது. நடிகைக்குத் தெரியும். அவர் தூரத்திலிருந்து என்னைப் பார்த்து, உதட்டால் மட்டும், "வேணாம்னா வேணாம்" என்றார். சுத்தமாக, எங்கள் ஆள் சொல்வது மாதிரி.

நான் வாசலில் போய் நின்றேன்.

கேமராக்காரர் மர டிரம் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து கேமராவைத் தோளில் வைத்திருந்தார். நடிகையிடம், "நீங்க எங்க போறீங்களோ நான் பின்னால வர்றேன். என்னை நினைக்காதீங்க" என்று மட்டும் சொன்னார். தறிகள் ஒவ்வொன்றாக ஓட ஆரம்பித்தன. தரை அதிர்ந்தது. தூசி எழுந்தது. கண்ணாடி ஓட்டிலிருந்து அந்த வெயில் இறங்கி, என் தறிக்கு முன்னால் நின்ற நடிகையின் தோளில் பட்டது. நான் இருபத்திரண்டு வருஷம் நின்ற இடத்தில் அவர் நின்றார். என் சேலைதான் அவர் உடுத்தியிருந்தது. வாசலிலிருந்து பார்த்தபோது, கொஞ்ச நேரம், அங்கே நிற்பது யார் என்று எனக்குக் குழம்பிவிட்டது. கனவில் நம்மை நாமே தூரத்தில் வைத்துப் பார்ப்போமே, அப்படி.

அவர் அறுந்த இழையைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

என் உதடு திறக்கவில்லை. அந்த இரண்டு வார்த்தையை நான் கேட்டவள். ஒருபோதும் சொன்னவள் இல்லை. அடுத்த வரிசையில் என் வீட்டுக்காரர் நெய்துகொண்டே என்னைப் பார்த்தார். பிறகு எப்படியோ சொன்னேன்.

அம்மா போயிட்டா.

நடிகையின் முகத்தில் ஒன்றுமே நடக்கவில்லை. கண் என்னைத் தாண்டி எங்கோ போய் நின்றது. குனிந்தார். வெயில் பட்ட விரல்கள் முனைகளைச் சேர்த்தன, ஒரு சுற்று, ஓர் இழுப்பு. இழையைக் கோத்தார். கைப்பிடியைத் தள்ளித் தறியை ஓட்டினார். நாடா போயிற்று, வந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். தூசி தங்கமாக அவர் தலைமேல் இறங்கிக்கொண்டே இருந்தது.

கல்நெஞ்சுக்காரி என்று அவரைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. செய்தி கண்ணுக்கு வந்தாயிற்று, உடம்புக்குள் இன்னும் இறங்கவில்லை. அதுவரைக்கும் பிடித்துக்கொள்ள அவருக்கு ஒரு நூல் வேண்டியிருந்தது. அன்றைக்கு மேஸ்திரியும் என் வீட்டுக்காரரும் பார்த்தது இதைத்தான். நான்தான் என்னைப் பார்க்காமல் இருந்திருக்கிறேன். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். கேமரா என்னை விட்டு எப்போதோ போயிருந்தது.

டைரக்டர் சிவப்புத் துண்டை வீசவே இல்லை. வெயில் நடிகையின் தோளிலிருந்து நழுவிச் சுவருக்குப் போனபோது கேமராக்காரரே கையைத் தூக்கினார். தறிகள் நின்றன.  தூசி இறங்கி முடிக்கும்வரை எல்லோரும் அப்படியே நின்றோம். நடிகை நடந்து வந்து என் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டார். அன்று அதை இரண்டாவது தடவை எடுக்கவில்லை.

படம் வருவதற்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. வெளிநாட்டில் எங்கெங்கோ போட்டிக்குப் போயிருக்கிறது என்று முதலாளி போனில் படித்துச் சொல்லுவார். அந்தக் காட்சியில் சத்தம் முழுக்கத் தறிதான் என்றும், அந்த அம்மா என்ன சொன்னாள் என்று கீழே எழுத்துக்கூடப் போடவில்லை என்றும், அதைப்பற்றித்தான் எல்லோரும் எழுதுகிறார்கள் என்றும் சொன்னார். அந்த அம்மா என்றால் நான்.

எங்கள் ஊர்த் தியேட்டரில் ஒரு வாரம் காலைக்காட்சி மட்டும் ஓடியது. செட்டுக்கு லீவு விட்டுவிட்டு எல்லோரும் போனோம். தியேட்டர் முக்கால்வாசி தறிக்கார ஜனம். குளிர்ந்த இருட்டில், திரை முழுக்க எங்கள் செட்டின் தூசி மிதந்தது. தினமும் மூக்கில் ஏறி இருமவைக்கிற தூசி. அது அவ்வளவு மெதுவாக, அவ்வளவு அழகாக இறங்கும் என்று எங்களில் ஒருத்தருக்கும் தெரிந்திருக்கவில்லை. பக்கத்தில் இருந்தவள், "ஏட்டி, இது நம்ம செட்டா?" என்று என் காதில் கேட்டாள்.

பிறகு என் முகம் வந்தது. முதலில் கலங்கலாக, அப்புறம் தெளிவாக. உதடு அசைந்தது. மற்ற ஊர்களில் அந்த இடத்தில் ஜனங்கள் மூச்சை அடக்கிக்கொண்டு, என்ன சொன்னாள், என்ன சொன்னாள் என்று பார்த்திருப்பார்கள். எங்கள் தியேட்டரில் முன்வரிசையிலிருந்து பின்வரிசை வரைக்கும், ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமல், வாய்விட்டுச் சொன்னார்கள்: "அம்மா போயிட்டா." முணுமுணுப்பாக, ஒரு காற்று மாதிரி அது தியேட்டருக்குள் போனது. என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பொது இடத்தில் அவர் அப்படிச் செய்ததே இல்லை.

பெரிய விருதுக்கான கடைசிப் பட்டியலில் நடிகை பேரும் கேமராக்காரர் பேரும் இருந்தன. அறிவிப்பு வந்த அன்று நாங்கள் செட்டில் போனைச் சுற்றி நின்றோம். நடிகைக்குக் கிடைக்கவில்லை. ஒளிப்பதிவுக்குக் கிடைத்தது.  அரை மணி நேரத்தில் நடிகையே கூப்பிட்டார்.

"உங்க ஊர்த் தூசிக்கு விருது கிடைச்சிருச்சு, பாத்தீங்களா?" என்று சிரித்தார்.

"ஒங்களுக்குக் கெடைக்கலியே அக்கா."

"எனக்கு அந்த இருபது நிமிஷம் கிடைச்சுதே. அது எப்பவும் கிடைக்கறதில்ல" என்றார். பிறகு, "வருத்தம் இல்லன்னு சொன்னா பொய். ரெண்டு நாள்ல சரியாயிரும்" என்றார். உண்மையைச் சொன்னது எனக்குப் பிடித்தது. வருகிற ஆடித்தபசுத் திருவிழாவுக்கு எங்கள் ஊருக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

அந்த வாரத்தில்தான் ராயகிரியிலிருந்து தம்பி கூப்பிட்டான். படத்தை அவன் போனில் பார்த்திருக்கிறான்.

"யக்கா, அந்தப் பொம்பள அழவே இல்லியே. எனக்கு எதுக்கு அழுக வந்துச்சு?" என்றான்.

நான் அவனுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். புதன்கிழமை, இழை, தறியை ஓட்டியது, எல்லாம். அவனுக்குப் பின்னால் மோட்டாரிலிருந்து தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"தண்ணிய மடை மாத்திட்டு வாரேன்" என்று வைத்துவிட்டான்.

கோபித்துக்கொண்டான் என்றுதான் நினைத்தேன். ஆனால் பத்து நிமிஷத்தில் திரும்பக் கூப்பிட்டான். அம்மாவின் கடைசி மூன்று நாளைப்பற்றி அவனும் என்னிடம் சொன்னதில்லை. காய்ச்சலில் அவள் கேட்ட கஞ்சி, உப்பு போதவில்லை என்று அவனைத் திட்டியது, புதன்கிழமை காலையில் வாசலில் வெயில் காய உட்கார வைக்கச் சொன்னது. ஒவ்வொன்றாகச் சொன்னான். நான் உம் கொட்டிக்கொண்டே கேட்டேன். பிறகு பேச்சு எலுமிச்சை விலைக்குப் போனது, அவன் மகளின் பரீட்சைக்குப் போனது, மறுபடி அம்மாவிடம் வந்தது. போனை வைக்க இரண்டு பேருக்குமே மனசு வரவில்லை.